கடனில்லாத ஊரில் விழுந்த பாலம்

2024 செப்டம்பர் 10-ஆம் தேதி இரவு, இரண்டாம் ஷிப்ட் முடிந்து, பத்தரை மணி வாக்கில், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், 7-ஆம் எண் டிராமில் எல்பே ஆற்றைத் தாண்டி வீட்டுக்கு வந்தேன். வண்டியில் கூட்டமில்லை. எதிர் இருக்கையில் ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்தான். கரோலா பாலத்தில் வண்டி ஏறும்போது வழக்கமாக வரும் சின்னக் குலுக்கல் வந்தது. அதுதான் எனக்கு அடையாளம். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே போய் நின்றேன். அந்தப் பயணத்தைப் பற்றி வேறொன்றும் நினைவில் இல்லை. ஆயிரம் முறை போன வழியில் நினைவில் நிற்க என்ன இருக்கிறது? விடிகாலை 3 மணி ஆக இரண்டு நிமிடம் இருக்கும்போது அந்த டிராம் பாதை அப்படியே ஆற்றுக்குள் விழுந்தது.

காலையில் அம்மாவின் போன்தான் என்னை எழுப்பியது. "தம்பி, அங்க ஏதோ பாலம் இடிஞ்சு விழுந்துருச்சுன்னு டிவியில காட்டுறான். நீ போற பாலமா அது?" தூக்கக் கலக்கத்தில் இல்லையென்று சொல்லிவிட்டு, செய்தியைத் திறந்து பார்த்தேன். "ஆமாம்மா. நேத்து ராத்திரி அதுலதான் வந்தேன்." அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

குழாயில் வெந்நீர் வரவில்லை. டிரெஸ்டன் நகரத்தில் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர் ஊர் முழுக்கப் பெரிய குழாய்களில் ஓடுகிறது. அவற்றில் இரண்டு பாலத்தோடு சேர்ந்து போயிருந்தன. சட்டையை மாட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். கிட்டத்தட்ட 100 மீட்டர் நீளத் தளம் நடுவில் முறிந்து தண்ணீரில் கிடந்தது. தண்டவாளங்கள் அறுபடாமல் வளைந்து தொங்கின. கரையில் நிறையப் பேர் நின்றிருந்தோம், யாரும் சத்தமாகப் பேசவில்லை. எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் குடியிருக்கும் முதிய பெண்மணியும் நடக்க உதவும் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தார். 80 வயதைத் தாண்டியவர். "1971-ல் இதைத் திறந்த வாரம் என் கணவரோடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நடந்தேன்," என்றார். "அப்போது இது எங்களுக்குப் பெரிய பெருமை."

யாரும் சாகவில்லை. கடைசி டிராம் தாண்டிப் போய்ச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. அதை எத்தனை முறை யோசித்தாலும் வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது.

நான் ஐரோப்பாவுக்கு வந்தது 2013-ல். சிப் தொழிற்சாலை வேலை. பொருளாதாரம் படித்தவனில்லை. ஆனால் அந்தப் பாலம் விழுந்த பிறகு, இந்தக் கண்டத்துக்கு என்ன ஆயிற்று என்று தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். கிரேக்க நெருக்கடி, பிரெஞ்சு அரசுகள் கவிழ்வது, ஜெர்மனியின் தேக்கம் என்று தனித்தனிச் செய்தியாகப் படித்ததெல்லாம் என் டிராம் பாதையில் வந்து சேர்ந்தது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் பாலத்தின் கதை. 1967-க்கும் 1971-க்கும் இடையில், கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் கட்டியது. அடுத்தடுத்து மூன்று தனித் தளங்கள். இரண்டில் கார்கள், மூன்றாவதில் டிராம். முன்னழுத்தக் கான்கிரீட், அதாவது எஃகுக் கம்பிகளை இழுத்து முறுக்கேற்றிக் கான்கிரீட்டைக் கட்டிப் பிடிக்க வைக்கும் முறை. கம்பி இழுத்துப் பிடிக்கும் வரை பாலம் நிற்கும். கட்டுமானத்தின்போதே அந்தக் கம்பிகளில் ஈரம் பட்டிருந்தது, அந்த வகை எஃகு ஈரத்தைத் தாங்காத வகை என்று பின்னால் ஆய்வு சொன்னது. மயிரிழை விரிசல்கள் கம்பிக்குள் 50 வருடமாக வளர்ந்திருக்கின்றன. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. கார்த் தளங்கள் இரண்டையும் ஏற்கெனவே செப்பனிட்டிருந்தார்கள். டிராம் தளத்தின் முறை 2025-ல் வருவதாக இருந்தது.

ஆக, பணம் இல்லாததால் பாலம் விழுந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நேர்மையாக இருக்காது. ஆனால் ஒரு ஊர் எதை முதலில் செய்கிறது, எதைத் தள்ளிப்போடுகிறது, தள்ளிப்போடுவதை எந்தக் கணக்கில் எழுதுகிறது என்பது பணத்தைப் பற்றிய கேள்விதான்.

டிரெஸ்டன் கடனை அடைத்த நகரம். 2006-ல் நகராட்சிக்குச் சொந்தமான குடியிருப்பு நிறுவனத்தை, சுமார் 48,000 வீடுகளோடு, ஃபோர்ட்ரெஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். சுமார் 170 கோடி யூரோ. நகரத்தின் கடன் முழுவதும் அதில் அடைந்தது. ஜெர்மனியின் பெரிய நகரங்களிலேயே கடனே இல்லாத முதல் நகரம் என்று பெயர் வந்தது. இனிக் கடன் வாங்க மாட்டோம் என்று விதியும் எழுதிக்கொண்டார்கள். கீழ்வீட்டு அம்மாள் அப்போதும் இதே வீட்டில்தான் இருந்தார். வாடகை ரசீதின் தலைப்பில் வீட்டுக்காரரின் பெயர் மாறிக்கொண்டே வந்ததாகச் சொல்வார். பிறகு என்ன நடந்தது? ஊரில் வாடகை ஏறியது, ஏழைகளுக்கு வீடு கொடுக்க நகராட்சியிடம் வீடில்லை. 2017-ல் புதிதாக ஒரு வீட்டு நிறுவனம் தொடங்கிக் கட்ட ஆரம்பித்தார்கள். அண்மையில், விற்ற வீடுகளில் சுமார் 1,200-ஐ நகராட்சியே காசு கொடுத்துத் திரும்ப வாங்கியது.

கடன் எங்கும் போகவில்லை, ஏட்டிலிருந்து இறங்கி ஊருக்குள் போய்விட்டது என்பதை அந்த வாடகை ரசீதுகளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

டிரெஸ்டன் செய்ததைத்தான் ஜெர்மனி செய்தது. 2009-ல் அரசியல் சாசனத்திலேயே ஒரு விதியைச் சேர்த்தார்கள். ஜெர்மன் மொழியில் ஷுல்டன்பிரெம்ஸ, கடனுக்குப் போட்ட பிரேக். நெருக்கடி இல்லாத காலத்தில் மத்திய அரசு ஜிடிபியில் 0.35 சதவீதத்துக்கு மேல் புதுக் கடன் வாங்கக் கூடாது. மாநிலங்கள் 2020 முதல் வாங்கவே கூடாது என்பது அப்போதைய விதி. அதற்கு முந்தைய வருடம், உலக நிதி நெருக்கடி வெடித்த சமயத்தில், ஒரு ஷ்வாபிய இல்லத்தரசியைக் கேட்டிருந்தால் வரவுக்கு மேல் நெடுநாள் வாழ முடியாது என்று சொல்லியிருப்பார் என்று அன்றைய சான்சலர் ஆங்கெலா மெர்க்கல் பேசியிருந்தார். தென்மேற்கு ஜெர்மனியின் ஷ்வாபியா சிக்கனத்துக்குப் பேர்போனது. எங்கள் பாட்டியும் அப்படித்தான் பேசுவார், கேட்டவுடன் சரி என்று தலையாட்டத் தோன்றும். நிதி அமைச்சர் வொல்ஃப்காங் ஷாய்பிள 2014-ல் புதுக் கடன் இல்லாமல் பட்ஜெட்டை முடித்துக் காட்டினார். 1969-க்குப் பிறகு அது முதல்முறை. அதற்குக் 'கறுப்புப் பூஜ்யம்' என்று பெயர். 2017-ல் அவர் பதவியை விட்டுப் போனபோது அமைச்சக ஊழியர்கள் கறுப்பு உடையில் முற்றத்தில் ஒரு பெரிய பூஜ்யமாக நின்று வழியனுப்பினார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போது இன்றும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அவர்கள் எல்லாரும் மனதார நம்பினார்கள் என்பது அந்த முகங்களில் தெரிகிறது.

ஜெர்மன் வகுப்பில் எனக்குக் கற்றுத்தந்த ஒரு விஷயம் மறக்கவில்லை. ஷுல்ட் என்றால் குற்றம். ஷுல்டன் என்றால் கடன். ஒரே வேர். கடன்பட்டவன் குற்றவாளி என்ற வாடை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நம் மொழியிலும் கடனுக்கு இரண்டு பொருள். ஆனால் நமக்கு இன்னொரு பொருள் கடமை. காலைக்கடன், நேர்த்திக்கடன், நீத்தார் கடன், எல்லாமே செய்து தீர்க்க வேண்டியவை. ஒரு சொல்லை வைத்து ஒரு நாட்டின் பொருளாதாரத்தை விளக்கிவிட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாலத்தைச் செப்பனிடுவது எந்த வகைக் கடன் என்று எனக்குள் கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 2019 ஆகஸ்டில் ஜெர்மன் அரசு 30 வருடக் கடன் பத்திரம் விற்றது. வட்டி பூஜ்யம். வாங்கியவர்கள் திரும்பக் கிடைக்கப்போவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்து வாங்கினார்கள். அதாவது, எங்கள் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு நாங்களே உங்களுக்குக் காசு தருகிறோம் என்று வாங்கியவர்கள் சொன்னதுபோல்தான் அது. பாலங்களையும் தண்டவாளங்களையும் பள்ளிக்கூடங்களையும் சரிசெய்ய அதைவிட நல்ல காலம் எந்த நாட்டுக்கும் வாய்க்காது. அந்தக் காலத்தில்தான் பூஜ்யத்தைக் காப்பாற்றினார்கள். நகராட்சிகளில் கட்டுமானப் பிரிவுப் பொறியாளர்கள் ஓய்வுபெறும்போது அந்த இடங்களை நிரப்பாமல் விட்டார்கள். இன்று வட்டி இருக்கிறது, பொறியாளர் இல்லை.

ஏட்டில் வராத கடனை இப்போது ஒவ்வொன்றாக எண்ண வேண்டியிருக்கிறது. அரசு வங்கியான கேஎஃப்டபிள்யூ வருடந்தோறும் நகராட்சிகளிடம் கேட்டு ஒரு கணக்கு எடுக்கிறது: செய்திருக்க வேண்டிய, செய்யாமல் விட்ட வேலைகளின் மதிப்பு எவ்வளவு? 2025 அறிக்கையில் அது 21,500 கோடி யூரோவைத் தாண்டிவிட்டது. ஆட்டோபான் நெடுஞ்சாலையில் மட்டும் சுமார் 4,000 பாலங்களைப் பத்து வருடத்துக்குள் புதுப்பிக்க வேண்டும் என்று போக்குவரத்து அமைச்சகமே 2022-ல் சொன்னது. ரயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2024-ல் நீண்டதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. அதுவும் ஆறு நிமிடத்துக்குள் தாமதமானால் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு.

எண்களில் இது தெரியாது, லூடன்ஷைட் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. மேற்கே சாவர்லாந்து மலைப்பகுதியில் உள்ள சிறிய தொழில் நகரம். திருகாணி, உலோகப் பாகம், விளக்கு என்று குடும்பம் குடும்பமாக நடத்தும் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி. அதை ஒட்டிப் போகும் ஏ45 நெடுஞ்சாலையில் ராமெட பள்ளத்தாக்குப் பாலம் இருந்தது. 1960-களில் கட்டியது. 2021 டிசம்பர் 2-ஆம் தேதி சோதனையில் ஆபத்து என்று தெரிந்து அன்றே மூடினார்கள். 2023 மே மாதம் வெடி வைத்துத் தகர்த்தார்கள். மூடிய நாளிலிருந்தே அந்த நெடுஞ்சாலையின் வண்டியெல்லாம் ஊருக்குள் இறங்கியது. அங்கே என் கல்லூரி நண்பன் குடும்பத்தோடு இருந்தான். 2022 கோடையில் போய் இரண்டு நாள் தங்கினேன். சமையலறை அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்து இரவு முழுக்கக் கிணிகிணி என்று சத்தம். அவன் மனைவி டம்ளர்களுக்கு இடையே துணி செருகி வைத்திருந்தார். லாரி போகாத நேரம் என்று ஒன்று இல்லை. மூன்றாவது வருடம் அவர்கள் வேறு ஊருக்கு மாறிவிட்டார்கள். அவன் வேலை பார்த்த பட்டறையில் ஆட்கள் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது என்றான். காலையில் வேலைக்கு வருவதற்குள் அரை நாள் போய்விடுகிறதாம்.

ஜெர்மனி தன் கணக்கை எப்படி எழுதிக்கொண்டால் நமக்கென்ன என்று மற்ற நாடுகள் இருந்திருக்கலாம். ஆனால் ஜெர்மனி இந்த விதியை ஏற்றுமதி செய்தது. கிரேக்கம் விழுந்தபோது உதவியும் வந்தது, கூடவே நிபந்தனையும் வந்தது: சம்பளத்தைக் குறை, ஓய்வூதியத்தைக் குறை, துறைமுகத்தை விற்றுவிடு. 2012 மார்ச்சில் 25 நாடுகள் கையெழுத்திட்ட நிதி ஒப்பந்தம், ஏறக்குறைய ஜெர்மன் கடன் பிரேக்கை எல்லா நாட்டுச் சட்டத்திலும் எழுதச் சொன்னது. 2015 ஜூலையில் கிரேக்க மக்கள் 61 சதவீதம் பேர் வேண்டாம் என்று வாக்களித்தும் நிபந்தனைகள் வந்தே தீர்ந்தன. அந்த வருடம் என் சக ஊழியர்கள் சாப்பாட்டு மேசையில் கிரேக்கர்களைச் சோம்பேறிகள் என்று பேசியதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 1953-ல் லண்டனில் ஜெர்மனியின் பழைய கடனில் ஏறக்குறைய பாதியைத் தள்ளுபடி செய்தார்கள், தள்ளுபடி செய்த நாடுகளில் கிரேக்கமும் ஒன்று என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்த செப்டம்பருக்குத் திரும்பி வருகிறேன். நாள்காட்டியை எடுத்துப் பார்த்தபோது எனக்கே திகைப்பாக இருந்தது. செப்டம்பர் 1-ஆம் தேதி எங்கள் சாக்சனி மாநிலத்தில் தேர்தல். மெர்க்கலின் கட்சியான சி.டி.யூ. 31.9 சதவீதம், தீவிர வலதுசாரி ஏ.எஃப்.டி. 30.6 சதவீதம். பக்கத்து மாநிலமான துரிங்கியாவில் ஏ.எஃப்.டி.யே முதலிடம். மறுநாள், ஜெர்மனியில் தொழிற்சாலைகளை மூடவும் நேரலாம் என்று ஃபோக்ஸ்வாகன் அறிவித்தது. 9-ஆம் தேதி பிரஸ்ஸல்ஸில் மரியோ டிராகி தன் அறிக்கையை வெளியிட்டார். 10-ஆம் தேதி, 1994-லிருந்து இருந்துவந்த வேலை உத்தரவாத ஒப்பந்தத்தை ஃபோக்ஸ்வாகன் ரத்து செய்தது. 11-ஆம் தேதி விடிகாலை பாலம்.

டிராகி 2012-ல் ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவராக இருந்து யூரோவைக் காப்பாற்றியவர், பிறகு இத்தாலியப் பிரதமராகவும் இருந்தவர். அவர் சொன்னதன் சாரம் இது: அமெரிக்காவையும் சீனாவையும் விட ஐரோப்பா பின்தங்கிக்கொண்டே போகிறது. இதைச் சரிசெய்ய ஆண்டுதோறும் கூடுதலாக 75,000 முதல் 80,000 கோடி யூரோ முதலீடு வேண்டும். தனித்தனியாக எந்த நாடும் அதைச் செய்ய முடியாது, சேர்ந்து கடன் வாங்கியாவது செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மெல்ல மெல்ல வேதனைப்பட்டுத் தேய்வோம். அன்றே ஜெர்மன் நிதி அமைச்சர் கிறிஸ்டியான் லிண்ட்னர், கூட்டுக் கடன் தீர்வாகாது என்று மறுத்துவிட்டார். இரண்டு நாளில் என் டிராம் பாதை ஆற்றில். இரண்டையும் அப்போது யாரும் சேர்த்துப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடன் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? பிரான்ஸைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே பொதுக்கடன் ஜிடிபியை விட அதிகம். 2024-ல் பற்றாக்குறை மட்டும் 5.8 சதவீதம். பட்ஜெட்டைக் குறைக்கப் போன பிரதமர் பார்னியே 2024 டிசம்பரில் கவிழ்ந்தார், அடுத்து வந்த பய்ரூ 2025 செப்டம்பரில் கவிழ்ந்தார். அந்தக் கடனில் பெரும்பகுதி புதிதாக எதையும் கட்டுவதற்கு வாங்கியது இல்லை, அன்றாடச் செலவை ஓட்டுவதற்கு வாங்கியது. இன்னொரு பக்கம் இத்தாலியின் ஜெனோவா. 2018 ஆகஸ்ட் 14-ஆம் தேதி மொராண்டி பாலம் இடிந்து 43 பேர் இறந்தார்கள். தனியார் நிறுவனம் பராமரித்துவந்த நெடுஞ்சாலை அது. ஜிடிபியைவிடப் பெருமளவு அதிகமாகக் கடன் வைத்திருக்கும் இத்தாலி, அதே இடத்தில் புதுப் பாலத்தைக் கட்டி 2020 ஆகஸ்டில் திறந்துவிட்டது. இரண்டே வருடம். கடனாளி நாடு கட்டியது, கடனுக்குப் பயந்த நாடு இன்னும் நெடுஞ்சாலைப் பாலங்களுக்கு வரிசை எண் போட்டுக்கொண்டிருக்கிறது. எதற்காகக் கடன் வாங்குகிறோம், வாங்கியதை எவ்வளவு வேகமாகச் செய்து முடிக்கிறோம் என்பதைப் பேசாமல் கடன் நல்லதா கெட்டதா என்று மட்டும் பேசி 15 வருடத்தை வீணடித்தார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அப்புறம் அரசியல் வெடித்தது. 2023 நவம்பர் 15-ஆம் தேதியே, கோவிட் காலத்தில் ஒதுக்கி மிஞ்சிய 6,000 கோடி யூரோ கடன் அனுமதியைப் பருவநிலை நிதிக்கு மாற்றியது செல்லாது என்று கார்ல்ஸ்ரூ அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதோடு ஆளுங்கூட்டணியின் உயிர் போய்விட்டது, உடல் மட்டும் இன்னொரு வருடம் நடமாடியது. 2024 நவம்பர் 6, டிரம்ப் வென்ற செய்தி வந்த அன்றே, சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ் லிண்ட்னரைப் பதவிநீக்கம் செய்தார். சண்டை கடன் பிரேக்கைப் பற்றித்தான்.

2025 பிப்ரவரித் தேர்தலில் சி.டி.யூ. தலைவர் ஃப்ரீட்ரிஷ் மெர்ஸ் கடன் பிரேக்கைக் காப்பாற்றுவேன் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார். ஏ.எஃப்.டி. 20.8 சதவீதம் வாங்கி இரண்டாமிடம் வந்தது. புது நாடாளுமன்றத்தில் சாசனத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு சேராது என்று தெரிந்ததும், மார்ச் 18-ஆம் தேதி, கலையப்போகும் பழைய நாடாளுமன்றத்தைக் கூட்டித் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். 12 வருடத்துக்கு 50,000 கோடி யூரோ உள்கட்டமைப்பு நிதி. பாதுகாப்புச் செலவில் ஜிடிபியில் 1 சதவீதத்துக்கு மேல் போவதெல்லாம் பிரேக்குக்கு வெளியே. செய்தது சரி, செய்த விதம் தப்பு. தேர்தலுக்கு முன்னே பாலத்தைக் காட்டி உண்மையைச் சொல்லியிருந்தால் மக்கள் கேட்டிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். ஆற்றங்கரையில் அன்று நின்றிருந்த ஒவ்வொருவரும் கேட்டிருப்பார்கள். ஓட்டு வாங்கிய பிறகு மாற்றிச் சொன்னதால், சரியான காரியமும் ஏமாற்று வேலையாகத் தெரிந்தது.

பணம் வந்த பிறகும் நிம்மதி இல்லை. ஜெர்மன் மொழியில் ஃபெர்ஷீபபான்ஹோஃப் என்று ஒரு சொல் உண்டு. ரயில் பெட்டிகளை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தள்ளும் யார்டு. சாதாரண பட்ஜெட்டில் இருந்த செலவை இந்தப் புது நிதிக்குத் தள்ளிவிட்டு, அங்கே மிஞ்சிய பணத்தை வேறு எதற்கோ பயன்படுத்துவதை இப்படித்தான் சொல்கிறார்கள். அரசின் பொருளாதார வல்லுநர் குழுவே 2025 நவம்பரில் இதைக் கடுமையாக விமர்சித்தது. 50,000 கோடியில் எத்தனை பாலம் வரும் என்று அப்போது தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். எத்தனை வாக்குறுதிக்கு அது போய்ச் சேரும் என்பதுதான் இப்போது கவலை.

எங்கள் ஊர் விஷயத்துக்கு வந்தால், மிச்சம் இருந்த இரண்டு தளங்களையும் 2025-ல் இடித்தாகிவிட்டது. இடிபாட்டை எடுக்கும்போது ஆற்றுக்குள் இரண்டாம் உலகப்போர் குண்டுகள் கிடைத்தன. பக்கத்துத் தெருக்களைக் காலி செய்ய வைத்தார்கள். புதுப் பாலம் எத்தனை வழிச்சாலையாக இருக்க வேண்டும் என்று நகரமன்றத்தில் மாதக்கணக்கில் வாக்குவாதம். இந்த ஊருக்குப் பாலம் என்றாலே சண்டைதான். சற்று மேலே வால்ட்ஷ்லோஸ்ஷன் பாலத்தைக் கட்டப்போய், 2009-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டத்தையே இழந்தது இந்த நகரம்.

ஆனாலும் இந்த ஊரில்தான் ஐரோப்பாவின் பெரிய நம்பிக்கைகளில் ஒன்றும் எழும்பிக்கொண்டிருக்கிறது. பாலம் விழுவதற்கு மூன்று வாரம் முன்பு, 2024 ஆகஸ்ட் 20-ஆம் தேதி, தைவானின் டிஎஸ்எம்சி, ஜெர்மனியின் பாஷ், இன்ஃபினியான், நெதர்லாந்தின் என்எக்ஸ்பி சேர்ந்து தொடங்கும் சிப் தொழிற்சாலைக்கு இங்கே அடிக்கல் நாட்டினார்கள். 1,000 கோடி யூரோவுக்கு மேல் முதலீடு, அதில் 500 கோடி அரசு உதவி. சுமார் 2,000 பேருக்கு நேரடி வேலை. ஊரின் மறுபக்கம், ஃபோக்ஸ்வாகனின் கண்ணாடிச் சுவர் வைத்த தொழிற்சாலையில் 2025 இறுதியோடு கார் உற்பத்தி நின்றது. ஒன்று திறக்கிறது, ஒன்று மூடுகிறது. மூடியதில் வேலை செய்தவர் எல்லாரும் திறப்பதில் போய் நிற்க முடியாது. அங்கே தேவைப்படும் பொறியாளர்களில் பலர் என்னைப் போல எங்கிருந்தோ வர வேண்டியவர்கள்.

2014 அக்டோபரில் பெகிடா ஊர்வலங்கள் இங்கேதான் தொடங்கின. வெளிநாட்டவருக்கு எதிராகத் திங்கட்கிழமைதோறும் மாலையில் கூடுவார்கள். வந்து ஒரு வருடம் ஆகியிருந்த என்னை, திங்கட்கிழமை சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடு என்று மேற்பார்வையாளர் அன்போடு சொல்லி அனுப்புவார். பத்து வருடத்தில் அந்த ஊர்வலம் ஓய்ந்துவிட்டது. அந்த எண்ணம் நாடாளுமன்றத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கீழ்வீட்டு அம்மாள் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று நான் கேட்டதில்லை. 2025 தேர்தல் முடிந்த வாரத்தில் அவரே சொன்னார். "உங்களுக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் பொய் சொல்ல விரும்பவில்லை." நான் எதுவும் சொல்லவில்லை. அவர் தொடர்ந்தார்: "எங்கள் வீடுகளை விற்றார்கள், யாரையும் கேட்கவில்லை. தபால் நிலையம் போனது. டாக்டரைப் பார்க்க மூன்று மாதம். கடைசியில் பாலம். என்னிடம் இருப்பது ஒரு ஓட்டு." அதற்கு என்னிடம் பதில் இருந்தது. வீட்டை விற்றதும் டாக்டர் கிடைக்காததும் வந்தேறிகளால் வந்தது இல்லை என்று எண்களோடு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் மகளுக்கு முதன்முதலில் ஜெர்மன் பாட்டு சொல்லிக்கொடுத்தவர் அவர். அன்று எனக்குக் கோபமும் வந்தது, அவர் பட்டியலிட்டதில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்பதும் தெரிந்தது. இரண்டையும் சுமந்துகொண்டு மாடி ஏறினேன்.

பொருளாதாரப் பத்திகளில் ஏ.எஃப்.டி.யின் வளர்ச்சியைக் குடியேற்றத்தோடும் பணவீக்கத்தோடும் ரஷ்ய எரிவாயு நின்றதோடும் சேர்த்து எழுதுகிறார்கள். எல்லாமே காரணம்தான். ஆனால் அந்த அம்மாள் சொன்ன பட்டியலில் இருந்தவை எல்லாம் அரசு தன் கையால் விட்டுவிட்டவை. கறுப்புப் பூஜ்யத்துக்காகத் தள்ளிப்போட்டவை. அரசு கைவிட்டது என்று ஒருவருக்குத் தோன்றிய பிறகு, யார்மேல் பழியைப் போடலாம் என்று காட்டுவதற்கு எப்போதும் ஒரு கட்சி தயாராக இருக்கிறது.

போன மாதம் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். முன்பென்றால் 7-ஆம் எண்ணில் ஏறி உட்கார்ந்தால் போதும். இப்போது ஆல்பர்ட் பாலம் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். டிராம் பாலத்தில் ஏறியதும் அவர் இடது பக்க ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கரோலா பாலம் இருந்த இடத்தில் எதுவும் இல்லாததால், அதற்கப்பால் இருக்கும் அகஸ்டஸ் பாலத்தின் வளைவுகள் நேராகத் தெரிந்தன. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்கள் இங்கேயே இருப்பீர்களா?" என்று கேட்டார்.

"இருப்போம் என்றுதான் நினைக்கிறேன். மகள் இங்கேதான் படிக்கிறாள்."

"அப்படியானால் புதுப் பாலத்தை நீங்கள் பார்ப்பீர்கள்," என்றார். பிறகு தள்ளுவண்டியின் பிரேக்கை விடுவித்தார், அடுத்த நிறுத்தத்தில் நாங்கள் இறங்க வேண்டியிருந்தது.